கீழக்கரையில் என் காரைத் தெருவில்தான் நிறுத்துகிறேன். அலாய் வீல் திருடு போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

லாக் நட் போடுங்கள், சக்கரத்துக்கு ஒன்று போதும். சாதாரண ஸ்பானர் அதைப் பிடிக்காது. கூடவே தரும் சாவி இருந்தால்தான் கழலும். மரை அளவு பார்த்து வாங்குங்கள்.

ஆனால் நம் பக்கம் உப்புக்காற்று இருக்கிறதே! நட் துருப்பிடித்து இறுகினால், பஞ்சரான அன்று உங்களாலேயே கழற்ற முடியாது. தனுஷ்கோடி போய் வந்தால் சக்கரத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, துடைத்து மாட்டுங்கள். பஞ்சர் கடையில் லாக் நட்டுக்கு மட்டும் மெஷின் வைக்க விடாதீர்கள், சாவியின் பல் மழுங்கிவிடும். கையால்தான் கழற்ற வேண்டும்.

அப்புறம், சாவியில் எண் இருந்தால் வீட்டில் குறித்து வையுங்கள். தொலைந்தால் மாற்றுச் சாவி வாங்க உதவும். இரவில் விளக்கு வெளிச்சத்தில், சுவரை ஒட்டி நிறுத்துங்கள்.