பாட்டியும் படிக்க முடிகிற போஸ்டர்: வடிவமைப்பு, ஊடகப் படிப்பு பற்றிய கேள்வி பதில்

பல்கலைக்கழகத்தில் தொடர்பியலும் பிராண்ட் வடிவமைப்பும் கற்பிக்கிறேன். யாரையும் விட்டுவிடாத ஊடகம் என்பதுதான் என் பாடத்தின் மையம். சொந்த ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். ஊர்ப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒருவர் இதைப் பற்றிக் கேட்டார், அப்புறம் கேள்விகள் வரிசையாக வந்துவிட்டன. பதில்களை இங்கே ஒன்றாகத் தருகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

முன்னாள் தோட்டத் தொழிலாளர் ஒருவர்: எல்லோருக்குமான ஊடகம் என்கிறீர்களே டீச்சர், அது கண் தெரியாதவர்களுக்கும் காது கேட்காதவர்களுக்கும் மட்டும்தானா? நம் தோட்டத்து ஆட்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

ஐயா, நீங்களே அதில் இருக்கிறீர்கள். கண்ணில் புரை வளர்கிறவர், மலாய்ப் பாரத்தைப் பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிற அம்மா, தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத இளைஞர், காலாவதியான டேட்டாவோடு பழைய கைப்பேசி வைத்திருப்பவர், இவர்கள் எல்லோரும் ஓர் அறிவிப்பிலிருந்து வெளியே தள்ளப்படுகிறார்கள். இலவச மருத்துவப் பரிசோதனை என்று சமூக மண்டபச் சுவரில் ஒட்டியும் வேண்டியவர்கள் வரவில்லை என்றால், ஆர்வம் இல்லை என்று அவர்கள்மேல் பழி போடக் கூடாது. யார் படிக்கப் போகிறார்கள் என்பதை வேலை தொடங்கும் முன்பே கேட்க வேண்டும். போஸ்டர் அச்சாகி வந்த பிறகு கேட்டால், ஓரத்தில் ஒரு சின்ன வரி சேர்க்கத்தான் இடமிருக்கும். மாணவர்களுக்கு நான் முதல் வாரத்தில் சொல்வதும் கடைசி வாரத்தில் சொல்வதும் இதுதான்.

கோயில் நிர்வாகக் குழுவிலிருந்து: திருவிழா பேனர் எப்போதும் சிவப்பில் மஞ்சள் எழுத்துதான். அதுதான் மங்களம். ஆனால் வயதானவர்கள் நேரம், தேதி தெரியவில்லை என்கிறார்கள். நிறத்தை மாற்ற வேண்டுமா?

நிறத்தை மாற்ற வேண்டாம், அந்தச் சிவப்பை மட்டும் கொஞ்சம் இருட்டாக்குங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை எண்ணால் அளக்கலாம். இணையப் பக்கங்களுக்கான உலகளாவிய அணுகல் வழிகாட்டி, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 என்றும் பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்றும் கேட்கிறது. வெள்ளையில் கறுப்பு 21க்கு 1. நீங்கள் பயன்படுத்தும் பளீர்ச் சிவப்பில் பளீர் மஞ்சள் போட்டால் ஏறக்குறைய 3.7க்கு 1தான் வரும். சாமி பெயரைப் பெரிதாக எழுத அது போதும். கீழே சின்னதாக எழுதும் நேரத்துக்கும் தேதிக்கும் போதாது. அதே மஞ்சளை மெரூன் என்கிற கருஞ்சிவப்பில் வைத்துப் பாருங்கள், 10க்கு மேல் போய்விடும். மங்களமும் அப்படியே இருக்கும்.

வெள்ளையில் சிவப்பு எழுத்து தெளிவாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். பளீர்ச் சிவப்பு என்றால் அது 4க்கு 1தான், சின்ன எழுத்துக்குத் தேறாது. பச்சையில் சிவப்பை அறவே தவிருங்கள். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத நிறக்குறை ஆண்களிடம்தான் அதிகம், உங்கள் குழுவிலேயே ஒருவருக்கு இருக்கலாம். இந்த அளவைக் கணக்கிடும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டு நிறத்தின் எண்ணைக் கொடுத்தால் போதும்.

அளவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெயர்ப்பலகைத் தொழிலில், 3 மீட்டர் தூரத்துக்கு 2.5 சென்டிமீட்டர் உயர எழுத்து என்று ஒரு கணக்கு உண்டு. சாலைக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் படிக்க வேண்டுமானால் அதிலிருந்து பெருக்கிக்கொள்ளுங்கள். உபயதாரர் பெயர்கள் முப்பதும் பேனரில் வர வேண்டும் என்றால், அவற்றுக்குத் தனியாக ஒரு தட்டி வையுங்கள். பூசை நேரத்தின் இடத்தை அவை தின்னக் கூடாது.

அச்சுக்கடை வைத்திருக்கும் தம்பி: அக்கா, போட்டோஷாப்பில் தமிழைப் போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போகிறது. அதனால்தான் பழைய ஃபாண்ட்டையே பயன்படுத்துகிறேன். அதில் என்ன தப்பு?

எழுத்து உடைவது யூனிகோட்டின், அதாவது எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டின், குறை இல்லை தம்பி, மென்பொருளின் அமைப்புதான் காரணம். போட்டோஷாப்பில் எழுத்து அமைப்புகளுக்குப் போய் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடு. இன்டிசைனில் பத்திக்கு வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்று இருக்கும். அதன் பிறகு ‘கொ’வும் ‘கௌ’வும் ஒழுங்காக வரும்.

பழைய ஃபாண்ட்டில் உள்ள தொல்லை கண்ணுக்குத் தெரியாது. அதில் நீ ‘அம்மா’ என்று அடித்தாலும் கணினிக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான், ஃபாண்ட் மேலே தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. காகிதத்தில் அச்சடித்தால் தெரியாது. அதையே பிடிஎஃப் கோப்பாகவோ இணையத்திலோ போட்டால் தேடுபொறிக்குக் கிடைக்காது, திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் பார்வையற்றவரின் திரைவாசிப்பான் புரியாத ஒலிகளை வரிசையாக வாசிக்கும். தமிழ் யூனிகோட்டில் 1991ஆம் ஆண்டு முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. நம் நாட்டு முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை 1980களிலேயே தொடங்கி, 2005இல் செல்லினம் செயலி வழியாகக் கைப்பேசிக்கும் தமிழைக் கொண்டுவந்தார். அப்படிப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு நாம் இன்னும் பழைய குறியீட்டில் அடிப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் இரண்டும் இலவசம், சின்ன அளவிலும் நன்றாகப் படிக்க வரும்.

இன்னொன்று. தடித்த வடிவம் இல்லாத ஃபாண்ட்டை மென்பொருளே செயற்கையாகத் தடிக்க வைத்தால், ‘ஐ’, ‘ஞ’, ‘ண’ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். தடித்த வடிவத்தோடு வரும் குடும்பத்தையே எடு. வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிட அதிக இடம் விடு, கீழே தொங்கும் ‘கு’வும் ‘மூ’வும் அடுத்த வரியின் புள்ளியோடு மோதக் கூடாது.

ஒரு தாய்: என் மகளுக்குப் பார்வை மிகவும் குறைவு. ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு எழுதப் போகிறாள். வானொலியில் பேச வேண்டும், ஊடகம் படிக்க வேண்டும் என்கிறாள். பல்கலைக்கழகத்தில் சேர்ப்பார்களா?

சேரலாம் அம்மா, தைரியமாக அனுப்புங்கள். முதல் வேலை, சமூக நல இலாகாவின் மாற்றுத்திறனாளி அட்டை. மருத்துவர் உறுதிப்படுத்தும் பகுதி அந்த விண்ணப்பத்தில் இருக்கிறது, அரசாங்க மருத்துவமனையில் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். தேர்வுச் சலுகைக்கும் உயர்கல்வி அமைச்சின் மாற்றுத்திறனாளி மாணவர் நிதி உதவிக்கும் அந்த அட்டையைத்தான் கேட்பார்கள். எஸ்.பி.எம். தேர்வில் பெரிய எழுத்துத் தாளும் கூடுதல் நேரமும் வேண்டுமென்றால் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், இப்போதே வகுப்பாசிரியரைப் பாருங்கள்.

2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கல்வி பெறும் உரிமையைச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. ஒப்பந்தத்தை மலேசியா 2010இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் சட்டம் தானாக வகுப்பறைக்கு வந்து உட்காராது. சேரும் இடத்தில் மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவைத் தேடிப் போய் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். பாடக் குறிப்புகள் வகுப்புக்கு முன்பே கோப்பாகக் கிடைக்குமா? ஒலிப்பதிவு மென்பொருள் திரைவாசிப்பானோடு ஒத்துப்போகிறதா? புகைப்படப் பாடத்துக்கு மாற்று மதிப்பீடு உண்டா? மூன்றாவதற்கு “அந்தப் பாடத்தை விட்டுவிடலாம்” என்று பதில் வந்தால் திருப்திப்படாதீர்கள். குறைபார்வை உள்ளவர்களும் படம் எடுக்கிறார்கள். படத்தை விவரிக்கவும், ஒரு காட்சியைக் குரலால் காட்டவும் அவர்களுக்குத்தான் வேகமாக வருகிறது என்பதை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

மகளை இன்றைக்கே பழகச் சொல்லுங்கள்: ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக், கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான்கள். இரண்டுக்கும் காசு கிடையாது. சேர்ந்த பிறகு பழகினால் முதல் பருவம் அதிலேயே போய்விடும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்: பள்ளிச் செய்தி வாசிப்பு, குறும்படம் எல்லாம் செய்கிறோம். ஒரு மாணவனுக்கு எழுத்து பிடிபடவில்லை, இன்னொருத்தி வகுப்பில் பேசவே மாட்டாள். அவர்களை எப்படிச் சேர்ப்பது?

அமெரிக்காவின் காஸ்ட் நிறுவனம் வகுத்த, எல்லோருக்குமான கற்றல் வடிவமைப்பு என்ற அணுகுமுறை இதற்குத்தான். ஆர்வத்தைத் தூண்டப் பல வழி, பாடத்தைக் காட்டப் பல வழி, கற்றதை வெளிப்படுத்தப் பல வழி. உங்கள் நிலையில் மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள். ‘தோட்டத்தில் மழைக்காலம்’ என்று ஒரே தலைப்பு கொடுத்து, ஒருவர் எழுதட்டும், ஒருவர் ஒலிப்பதிவு செய்யட்டும், ஒருவர் ஆறு படங்களை வரிசைப்படுத்தட்டும். மதிப்பெண் அளவுகோல் ஒன்றாகவே இருக்கட்டும்: செய்தி உண்மையா, வரிசை புரிகிறதா, கேட்பவருக்குப் போய்ச் சேர்கிறதா. பேசாத பிள்ளையைப் பேச வைப்பது இந்தப் பாடத்தின் நோக்கம் இல்லை டீச்சர். அவள் படத்தொகுப்பு செய்தால் அதுவும் ஊடகம்தான். ஆனால் ஆண்டு முழுவதும் அவளை அதிலேயே வைத்துவிட வேண்டாம், அடுத்த முறை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

முறுக்கு வியாபாரம் செய்யும் அக்கா: பெயரைத் தமிழில் வைக்கவா, ஆங்கிலத்தில் வைக்கவா? லோகோ போட ஆள் தேடுகிறேன். ‘சுங்கை சிப்புட் முறுக்கு’ என்று பதிவு செய்யலாமா?

அக்கா, லோகோவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் பொட்டலத்தைக் கையில் எடுத்ததும் என்ன தெரிய வேண்டும் என்பது முதல். மலேசியாவில் தயாரிக்கும் உணவுக்கு, 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி உணவின் பெயர், சேர்மானங்கள், எடை, தயாரிப்பாளர் முகவரி போன்றவை மலாயில் இருக்க வேண்டும். நிலக்கடலை, பால், கோதுமை சேர்த்தால் அதைச் சொல்வது கட்டாயம். மலாய் முதலில் வந்துவிடட்டும், தமிழை அதற்குப் பக்கத்தில் தாராளமாகப் போடுங்கள். தமிழை மூலையில் அலங்காரமாக ஒட்டாமல், ‘காரம்’, ‘காரம் இல்லை’ என்று உபயோகமான இடத்தில் வைத்தால் அதற்கு மதிப்பு. காரத்துக்குச் சிவப்பு மூடி, காரம் இல்லாததற்குப் பச்சை மூடி என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மிளகாய்ப் படமும் சேருங்கள்.

ஊர்ப் பெயரும் பண்டத்தின் பெயரும் மட்டும் சேர்ந்த ஒன்றை வணிகச் சின்னமாகத் தனியுரிமை ஆக்குவது கடினம். அது எல்லோரும் பயன்படுத்த வேண்டிய சொல். உங்கள் பாட்டியின் பெயரோ, நீங்களே உருவாக்கிய பெயரோ சேர்ந்தால் வழி திறக்கும். பதிவு மைஐபிஓ என்கிற அறிவுசார் சொத்துக் கழகத்தில், 2019ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் கீழ். 10 ஆண்டு செல்லும், புதுப்பிக்கலாம். தமிழ் எழுத்தில் பெயர் இருந்தால் ரோமன் எழுத்து வடிவமும் பொருளும் கேட்பார்கள். எஸ்.எஸ்.எம். என்கிற நிறுவன ஆணையத்தில் வியாபாரத்தைப் பதிவு செய்வது வேறு, சின்னத்தைப் பதிவு செய்வது வேறு. முதலாவது இருந்தால் பெயர் உங்களுடையது என்று நினைத்துவிட வேண்டாம்.

வீடியோ எடுக்கும் இளைஞர்: வசன வரிகள் தமிழில் போட்டால் போதும்தானே?

போதாது. நம் காது கேளாத பிள்ளைகள் பெரும்பாலும் மலாயில் எழுதப் படிக்கக் கற்று, மலேசிய சைகை மொழியில் வளர்கிறார்கள். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையே தமிழ் வரியைப் படிக்க முடியாமல் இருக்கலாம். மலாய் வரியும் கொடு. தானியங்கி வசன வரியை அப்படியே விடாதே. நாம் பேசும் தமிழில் மலாய்ச் சொல் கலந்தாலே அது தடுமாறும்.

மற்றொருவர்: செயற்கை நுண்ணறிவில் போஸ்டர் செய்யலாமா?

பின்னணிப் படத்துக்குச் செய்யலாம். தமிழ் எழுத்தை அதனிடம் விடாதீர்கள், அடிக்கடி சிதைக்கிறது. எழுத்தை நீங்களே மேலே வையுங்கள்.

இறுதியாண்டு மாணவர்: தோட்ட மக்கள் பற்றி விழிப்புணர்வுப் பிரச்சாரம் என் திட்டப்பணி. எப்படிப் படம் எடுப்பது?

அழும் முகம், உடைந்த வீடு, வெறுங்கால் குழந்தை. இந்த மூன்றும் இல்லாமல் உன் முதல் வரைவைச் செய். நம் சுங்கை சிப்புட்டை வெளியே பலருக்கு 1948இல் எல்பில் தோட்டத்தில் ஆங்கிலேயத் தோட்ட மேலாளர் கொல்லப்பட்டதாலும் அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அறிவித்த அவசரகாலத்தாலும்தான் தெரியும். அதே ஊரில்தான் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளியை எழுப்பினார். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் துண்டாடலுக்கு எதிராகத் தொழிலாளர்கள் காசு சேர்த்துத் தோட்டம் வாங்கிய கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கியவரும் அவர்தான். பணம் போட்டு நிலம் வாங்கிய மக்களை, கையேந்தும் மக்களாக மட்டும் காட்டுவது அநியாயம்.

அனுமதிப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் அது அனுமதி ஆகாது. தமிழில் வாசித்துக் காட்டி, படம் எங்கெல்லாம் வரும் என்று சொல்லி, வேண்டாம் என்று சொல்ல நேரம் கொடு. கருத்துக் கேட்பதை முடிந்த வடிவமைப்போடு போய்ச் செய்யாதே. பென்சில் வரைவோடு போ. முடிந்த வேலையைப் பார்த்தால் மரியாதைக்காக “நல்லா இருக்கு தம்பி” என்று சொல்லிவிடுவார்கள்.

ஆறாம் படிவ மாணவி: இந்தத் துறையில் சேர எஸ்.டி.பி.எம். தேர்வு உதவுமா? நேர்காணலுக்கு என்ன கொண்டுபோவது?

உதவும். கலைப் பிரிவு எஸ்.டி.பி.எம். மூலம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் தொடர்பியல் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம், மூவெட் ஆங்கிலத் தேர்வை மறந்துவிடாதே. பினாங்கில் யு.எஸ்.எம்., செர்டாங்கில் யு.பி.எம். இரண்டிலும் தொடர்பியல் உண்டு. ஊருக்குப் பக்கத்தில் வேண்டுமென்றால் கம்பாரில் உத்தார் பல்கலைக்கழகம், தனியார் கட்டணம் என்பதால் பி.டி.பி.டி.என். கல்விக் கடனைக் கணக்கில் வைத்து முடிவு செய்.

நேர்காணலுக்கு அழகான லோகோ பத்து கொண்டுபோகாதே. கிளினிக்கிலோ கோயிலிலோ இருக்கும் ஓர் அறிவிப்பைப் படம் எடு. அதைத் திருத்தி அமைத்து, வயதானவர் ஒருவர், தமிழ் படிக்கத் தெரியாதவர் ஒருவர், குறைபார்வை உள்ளவர் ஒருவர் என்று மூவரிடம் காட்டு. எங்கே தடுமாறினார்கள், நீ எதை மாற்றினாய் என்று எழுதி, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வை. விடுமுறைக்குள் செய்துவிட்டு எனக்கு அனுப்பு தங்கச்சி, பார்த்துச் சொல்கிறேன்.