ஆவணப்படத்தில் சார்பு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கத் துப்பாக்கி வன்முறை பற்றிய மைக்கேல் மூரின் 'பவுலிங் ஃபார் கொலம்பைன்' ஆவணப்படம் பார்த்தேன். துப்பாக்கிச் சூடு நடந்த கொலம்பைன் பள்ளியின் கண்காணிப்புக் கேமரா காட்சிகளில் அழுதுவிட்டேன். அப்புறம் நண்பர் ஒருவர், அது முழுக்கப் பிரச்சாரம், காட்சிகளை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள் என்றார். நான் ஏமாந்துவிட்டேனா? ஆவணப்படம் நடுநிலையாக இருக்க வேண்டாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் ஏமாறவில்லை. அந்தக் காட்சிகள் உண்மையானவை. ஆவணப்படத்திடம் நடுநிலையை நான் எதிர்பார்ப்பதுமில்லை. யாரிடம் பேசுவது என்று முடிவு செய்யும்போதே சார்பு வந்துவிடுகிறது. 1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் பள்ளியில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் சுட்டுக் கொல்லப்பட்டதைப் படமெடுப்பவருக்குக் கோபம் வரத்தான் வேண்டும்.

ஆனால் உங்கள் நண்பர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. படத்தில் கொலம்பைன் துயரக் காட்சிகள் முடிந்த கையோடு, துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் அப்போதைய தலைவர், நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் துப்பாக்கியை உயர்த்திப் பிடித்து, 'நான் செத்த பிறகுதான் இதைப் பிடுங்க முடியும்' என்ற பொருளில் முழங்குகிறார். அடுத்து, கொலராடோவின் தலைநகர் டென்வரில் அந்தச் சங்கத்தின் கூட்டம். கொலைகள் நடந்த பதினோரே நாளில் அங்கே போய் இப்படிப் பேசினார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த முழக்கம் உண்மையில் ஒரு வருடம் கழித்து, 2000 மே மாதம், வட கரோலினாவின் சார்லட் நகரில் எழுந்தது. கூர்ந்து பார்த்தால் ஹெஸ்டனின் சட்டையும் டையும் மாறுவது தெரியும். இத்தனைக்கும், வர வேண்டாம் என்று டென்வர் மேயர் கேட்டுக்கொண்ட பிறகும் அந்தக் கூட்டம் நடந்தது. அதை மட்டும் காட்டியிருந்தால் போதாதா?

எண்களிலும் இதே அவசரம்தான். ஓர் ஆண்டில் துப்பாக்கியால் கொல்லப்பட்டவர்கள் கனடாவில் 165 பேர், அமெரிக்காவில் 11,127 பேர் என்கிறது படம். மக்கள்தொகையைச் சொல்லவில்லை. வகுத்துப் பார்த்தால் 67 மடங்கு என்பது ஏறக்குறைய 7 மடங்காகிவிடும். 7 மடங்கே கொடுமைதான்.

என்னை அதிகம் வருத்தியது வேறொரு படம். 2016இல் வந்த 'அண்டர் த கன்'. துப்பாக்கி வாங்குபவரின் குற்றப் பின்னணியைப் பார்க்கும் பின்னணிச் சோதனை இல்லாவிட்டால் குற்றவாளிகள் துப்பாக்கி வாங்குவதை எப்படித் தடுப்பது என்று வர்ஜீனியாவின் துப்பாக்கி உரிமை ஆதரவாளர்களிடம் தொலைக்காட்சிச் செய்தியாளர் கேட்டி கூரிக் கேட்கிறார். பல வினாடிகளுக்கு யாரும் வாய் திறப்பதில்லை. பிறகு ஒலிப்பதிவு வெளியானபோதுதான் அவர்கள் உடனே பதில் சொல்லியிருப்பது தெரிந்தது. அந்த மௌனம் எடிட்டிங்கில் சேர்க்கப்பட்டது. கூரிக் வருத்தம் தெரிவித்தார். அவர்கள் தொடுத்த அவதூறு வழக்கு தள்ளுபடியாகிவிட்டது, சரி. ஆனால் பின்னணிச் சோதனை வேண்டும் என்று நினைப்பவன் நான். அந்தப் பதில்கள் வலுவற்றவை என்றால் அதை நானே கேட்டு முடிவு செய்திருப்பேன். அந்த வாய்ப்பைப் பறித்ததோடு, மற்ற உண்மைகளையும் தட்டிக்கழிக்க எதிர்த்தரப்புக்கு ஒரு காரணத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

இன்னொரு சார்பு இருக்கிறது. அதில் யாரும் பொய் சொல்வதில்லை. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். கூட்டக் கொலைகளின் பங்கு மிகச் சிறியது. ஆனால் கேமராக்கள் பள்ளிக்கூடங்களுக்குத்தான் போகின்றன. வீட்டு அலமாரியில் பூட்டாமல் கிடக்கும் கைத்துப்பாக்கியைப் பற்றி ஒரு முழுநீளப் படம் உங்கள் கண்ணில் பட்டால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.