கூகுளின் முதல் சேர்வர்களில் தக்கை அட்டை எதற்கு?

சேர்வர் என்பது மற்றக் கணினிகள் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் கணினி. 1999இல் கூகுள் விலை கூடிய சேர்வர்களை வாங்காமல், ஒரு உலோகத் தட்டில் நான்கு சாதாரண மதர்போர்ட்களை, அதாவது கணினியின் முக்கிய மின்பலகைகளை, பெட்டியே இல்லாமல் அடுக்கியது. அவற்றின் அடிப்பக்கம் உலோகத்தில் பட்டால் ஷோர்ட் ஆகிவிடும். தக்கையில் மின்சாரம் பாயாது, அதனால்தான் இடையில் தக்கை அட்டை வைத்தார்கள்.

மட்டக்களப்பு வாவியில் ஒரு தோணி ஓட்டையானால் மற்றத் தோணிகள் மீன்பிடியை விடுவதில்லையே, இந்தக் கணினிகளிலும் அதே ஏற்பாடுதான். மலிவுச் சாமான் என்பதால் அலட்சியமாகச் செய்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், ஒரு கணினி நின்றால் அதன் வேலையை இன்னொன்று எடுத்துக்கொள்ளும்படி மென்பொருளைக் கவனமாக எழுதியிருந்தார்கள்.