வேறு நாட்டுக்குக் குடிவந்து மூன்று மாதமாகியும் வீட்டு வேலையே அலுப்பாக இருக்கிறதே, எப்போது பழகும்?

கேள்விக்குக் கீழே இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: “வேலைக்குப் போவது கணவர். நான் வீட்டில்தான் இருக்கிறேன். பெரிதாக ஒன்றும் செய்யாமலேயே சாயங்காலத்துக்குள் துவண்டு போகிறேன்.” அந்த வரியைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் இது அப்படியே தலைகீழ். வெளிநாட்டில் வேலை கிடைத்தது மனைவிக்கு, கூடப் போனவன் நான். முதல் எட்டு மாதம் வீடு என் பொறுப்பு. அவளுக்கு ஆபீசில் ஒரு மேஜை, கழுத்தில் ஒரு அடையாள அட்டை, எது எங்கே என்று காட்டிக்கொடுக்க நாலு பேர். எனக்கு, படிக்கத் தெரியாத மொழியில் பதினாறு பட்டன் வைத்த ஒரு வாஷிங் மெஷின். அவள் சாயங்காலம் வந்து சாதாரணமாகத்தான் கேட்பாள், “இன்றைக்கு என்ன செய்தாய்?” என்று. பதில் சொல்ல ஒன்றும் இருக்காது. இரண்டு தடவை துணி துவைத்தேன், ஒரு தடவை குப்பை போட்டேன். ஆனால் மூட்டை தூக்கியவன் மாதிரி உடம்பு வலிக்கும்.

காரணம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் பிடிபட்டது. பழைய வீட்டில் வேலை செய்தது கை. மூளை சும்மா இருந்தது. சாவியை எந்தப் பக்கம் திருப்புவது, எந்தக் குழாயில் வெந்நீர் வரும், அடுப்பை எவ்வளவு திருகினால் சிறு தீ, இதெல்லாம் கைக்கே தெரியும். புது வீட்டில் ஒவ்வொன்றும் மூளைக்குப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கைக்கு வர வேண்டியிருக்கிறது. விளக்கு சுவிட்ச் இருக்கிறதே, அதுகூட சில நாடுகளில் கீழே தட்டினால் எரியும், சில நாடுகளில் மேலே தட்டினால்தான் எரியும். ஒரு நாளில் இப்படி எத்தனை நூறு சின்ன முடிவுகள்! நீங்கள் சும்மா இருக்கவில்லை. அந்தக் களைப்புக்குக் காரணம் இருக்கிறது.

எப்போது பழகும் என்றால், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் கூட இருந்தவர்களும் செய்த ஓர் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. ஒரு புதுச் செயல் யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. இது ஒரே ஒரு பழக்கத்துக்கான கணக்கு. நீங்களோ ஒரே சமயத்தில் ஐம்பது பழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். மூன்று மாதத்தில் முடியவில்லை என்று உங்களையே நொந்துகொள்வது நியாயமில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்த அல்ல. அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட் உதவித்தொகையில் போய்வந்த நார்வேக்காரர்களைப் பேட்டி கண்டு சுவெர்ரே லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர் 1955-ல் எழுதினார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள், இடைப்பட்ட காலம் இருந்தவர்கள்தான் தடுமாறினார்கள் என்று. முதலில் தேனிலவு, பிறகு பள்ளம், பிறகு ஏற்றம் என்று எல்லோரும் வரைந்து காட்டும் அந்த வளைவு இங்கிருந்து வந்ததுதான். பிற்பாடு வந்த ஆய்வாளர்கள் பலர் இதை முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. பலருக்கு முதல் நாளிலேயே திண்டாட்டம்தான் என்றார்கள். என் கட்சியும் அதுதான். எனக்கு ஒரு வாரம்கூடத் தேனிலவு இல்லை.

முதல் நாள் மிக்ஸியில் ஆரம்பித்தது. பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கடல் தாண்டி வந்தது. அடாப்டர் போட்டு மாட்டினேன். ஓடவில்லை, முனகியது. நாங்கள் போன நாட்டில் மின்சாரத்தின் வோல்டேஜ் ஏறக்குறையப் பாதி என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஐரோப்பாவில் 230 வோல்ட், அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. பிளக் வடிவங்களுக்கு ஏ முதல் ஓ வரை பதினைந்து எழுத்து வைத்திருக்கிறார்கள். அடாப்டர் அந்த வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜைத் தொடாது. போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர் எல்லாம் தப்பிக்கும், ஏனென்றால் அவற்றில் பொடி எழுத்தில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். சூடு கொடுக்கிற சாமான்கள்தான் ஆபத்து. அங்கே சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதாவது வோல்டேஜ் பாதியானால் சக்தி கால்பங்காகிவிடும், இரண்டு மடங்கானால் நாலு மடங்காகிவிடும். 230 வோல்ட்டுக்குச் செய்த 2000 வாட் கெட்டிலை 120-ல் மாட்டினால் கிடைப்பது 545 வாட் அளவுதான், தண்ணீர் சூடாவதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிடலாம். மாற்றிச் செய்தால் விளையாட்டில்லை. 120 வோல்ட்டின் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை 230-ல் மாட்டினால் அது 3600 வாட்டுக்கு மேல் இழுக்கப் பார்க்கும். புகை வரும், சில சமயம் தீயும் வரும். ஆகவே இன்றைக்கே உட்கார்ந்து, கொண்டுவந்த ஒவ்வொரு சாமானின் அடியிலும் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிடுங்கள்.

அடுத்தது குளியலறை. நான் நன்றாகவே கழுவுபவன். வாளி நிறையத் தண்ணீர் பிடித்துத் தரையில் ஊற்றி, தேய்த்து, தள்ளிவிடலாம் என்று பார்த்தால் தரையில் துளையே இல்லை. குளிக்கும் தொட்டிக்குள் மட்டும்தான் வடிகால். தண்ணீர் தனக்குத் தெரிந்த வழியில் போயிற்று. கால் மணி நேரத்தில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். என் மொழி அவருக்குத் தெரியாது, அவர் மொழி எனக்குத் தெரியாது. விரலால் மேலே காட்டி, பத்து விரலையும் ஆட்டி மழை பெய்வது போலச் செய்து காட்டினார். திட்டவில்லை. அவரே துணி கொண்டுவந்து என்னோடு முட்டி போட்டுத் துடைத்தார். அதைவிடப் பெரிய வேலை, என் சமையலறைத் தொட்டிக்கடியில் இருந்த மெயின் வால்வைக் காட்டி, எப்படி மூடுவது என்று கையைப் பிடித்துச் செய்ய வைத்தார். அந்த நாட்டில் எனக்கு அமைந்த முதல் பழக்கம் அவர்தான். வீட்டின் சொந்தக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதம் தனிக்கதை, அது இங்கே வேண்டாம்.

குளிர் அடிக்கும் ஊராக இருந்தால் ஈரத்தைக் கவனியுங்கள். குளிருக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு, உள்ளேயே துணி உலர்த்தி, சமைத்து, குளித்து, மூச்சும் விட்டால் அந்த ஈரம் எங்கே போகும்? கண்ணாடியிலும் வெளிச்சுவரிலும் போய் உட்காரும். இரண்டாவது மாதம் அலமாரியை நகர்த்தினேன், பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூசணம். வீட்டுக்குள் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் இருப்பது நல்லது, 60-ஐத் தாண்ட விடக்கூடாது. ஈரப்பதம் காட்டும் மீட்டர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். எதிரெதிர் ஜன்னல்களை முழுக்கத் திறந்து ஐந்து பத்து நிமிஷம் காற்றாட விட்டு மூடுவது, ஒரு ஜன்னலை நாள் பூராவும் லேசாகத் திறந்து வைப்பதைவிட நல்லது. சுவர் சில்லிட்டுப் போகாது. அலமாரிக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் விடுங்கள்.

மொழி தெரியாவிட்டாலும் வீட்டுக்குள் படங்கள் கைகொடுக்கும். சட்டையின் உள்தையலில் இருக்கிற சீட்டைப் பாருங்கள்: தொட்டி என்றால் துவைப்பது, முக்கோணம் பிளீச், சதுரம் உலர்த்துவது, வட்டம் ட்ரை கிளீனிங், இஸ்திரிப் பெட்டி இஸ்திரிதான். மேலே பெருக்கல் குறி போட்டிருந்தால் கூடாது. தொட்டிக்குள் கை இருந்தால் கையால் துவை. புள்ளி கூடினால் சூடு கூட்டலாம். என் மனைவியின் கம்பளி ஸ்வெட்டர் ஐந்து வயதுக் குழந்தைக்கான அளவுக்கு வந்த பிறகுதான் இதைக் கற்றேன். சுத்தம் செய்யும் திரவங்களில் பல நாடுகளில் சிவப்பு ஓரம் வைத்த சாய்சதுரப் படங்கள் இருக்கும். 2003-ல் ஐக்கிய நாடுகள் வெளியிட்ட பொதுக்குறிகள் அவை. பாட்டில் என்னவென்று தெரியாத வரை எதையும் எதனோடும் கலக்காதீர்கள். பிளீச்சும் அமிலம் கலந்த டாய்லெட் கிளீனரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

ஓவன் பாரன்ஹீட்டில் இருந்தால், நமக்குத் தெரிந்த 180 அங்கே ஏறக்குறைய 350. துணி உலர்த்தும் மெஷினில் சேரும் பஞ்சை ஒவ்வொரு தடவையும் எடுத்துவிடுங்கள், தீப்பிடிக்கும் சமாசாரம். புகை அலாரம் அவ்வப்போது ஒற்றைக் கீச்சு விட்டால் பேட்டரி போகிறது என்று அர்த்தம். சத்தம் தாங்காமல் கழற்றி மேஜையில் வைத்துவிடாதீர்கள் (நான் வைத்தேன், நான்கு நாள்). காஸில் ஓடும் ஹீட்டரோ அடுப்போ இருந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அவசர எண்ணையும் உங்கள் முழு விலாசத்தையும் ஒரு தாளில் எழுதிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்தத் தெருப்பெயரே வாயில் வராது. அதே தாளில் “சாவி எடுத்தாயா?” என்றும் எழுதுங்கள். இழுத்துச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு என்றால் தெரியும், ஏன் சொல்கிறேன் என்று.

களைப்புக்கு வருகிறேன். எனக்குப் பயன்பட்டது ஒரே ஒரு ஏற்பாடு: ஒரு நாளைக்கு ஒரு புது விஷயம் மட்டும். இன்றைக்கு மெஷினின் மூன்று பட்டன். நாளைக்கு எந்தக் குப்பை எந்தத் தொட்டி. மற்றதெல்லாம் தெரிந்த அளவில் ஓடட்டும், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. தெரிந்துகொண்டதை உடனே நம் எழுத்தில் எழுதி அந்தச் சாமான்மேலேயே ஒட்டிவிடுவேன். ஒரு கட்டத்தில் சமையலறையே நோட்டீஸ் போர்டு மாதிரி இருந்தது, மனைவி சிரித்தாள். இருக்கட்டும். ஒவ்வொரு சாமானையும் பழைய நாட்டுக் காசுக்கு மாற்றிக் கணக்குப் போடுவதை நிறுத்தினேன். அது மூளையைத் தின்னும் இன்னொரு வேலை. சாமான்களை வைக்கும் இடத்தையும் முதல் மாதத்திலேயே முடிவு செய்து, பிறகு மாற்றவே இல்லை. அழகாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. கை கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் கரண்டி அதே இடத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் கணவரிடமும் ஒரு பேச்சு பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டை அவர் கையில் விட்டுவிடுங்கள். குப்பை, துணி, அடுப்பு, பக்கத்து வீட்டாரோடு ஒரு பேச்சு, எல்லாம். சொல்லிக்கொடுக்காதீர்கள். என் மனைவி ஒரே ஒரு ஞாயிறு பார்த்தாள். “இன்றைக்கு என்ன செய்தாய்” என்ற கேள்வி அதோடு போயிற்று.

நாங்கள் இரண்டாவது வருஷம் அதே நாட்டில் வேறு வீட்டுக்கு மாறினோம். இந்தத் தடவை ஒரு வாரத்தில் எல்லாம் ஓடியது. பெட்டியைப் பிரிக்கும் முன்னாலேயே மெயின் வால்வைத் தேடிக் கண்டுபிடித்தேன், புகை அலாரத்தின் பட்டனை அழுத்திப் பார்த்தேன், அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். குளியலறையைத் திறந்தால், அங்கேயும் தரையில் துளை இல்லை. வாளியை எடுத்துப் பால்கனியில் செடிக்கு வைத்துவிட்டேன்.