ஆன்மாவுக்கு எடை உண்டா? கேட்டவர்களுக்குப் பதில்

கடலூரில் இயற்பியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். என் துறைக்குள் வருவதற்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

நெல்லிக்குப்பம் வாசகர்: சார், ஆன்மா 21 கிராம் என்று நிரூபித்துவிட்டார்களாமே?

இல்லை. அமெரிக்க மருத்துவர் டங்கன் மெக்டூகல், சாகும் தறுவாயில் இருந்த 6 பேரைக் கட்டிலோடு தராசில் ஏற்றி, 1907இல் முடிவை வெளியிட்டார். 21 கிராம் வந்தது ஒருவருக்குத்தான். இரண்டு பேரின் அளவை அவரே தள்ளிவிட்டார். மற்றவர்களுக்கு ஒரே மாதிரி வரவில்லை. நாய்களுக்கு எடை குறையவே இல்லை, அதனால் அவற்றுக்கு ஆன்மா இல்லை என்றார். வாடிய பயிருக்காக வாடிய வள்ளலாரின் வடலூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதையா ஆதாரம் என்பது? 'விஞ்ஞானமே சொல்லிவிட்டது' என்று வந்தால், எத்தனை பேரிடம் அளந்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

பண்ருட்டி வாசகர்: ஆற்றலுக்கு அழிவில்லை. ஆன்மாவும் ஆற்றல்தானே ஐயா?

உடம்பின் ஆற்றல் சோற்றிலிருந்து வருகிறது. இறந்தபின் 37 டிகிரி உடம்பு ஆறுகிறது. அந்த வெப்பம் அறைக் காற்றுக்குப் போகிறது. மிச்சம் திசுக்களில் இருக்கிறது, எரித்தால் சிதையில் வெளிப்படும். கணக்கு நேராகிவிடுகிறது, ஆன்மா என்று சொல்லத் தனி ஆற்றல் எதுவும் மீதியில்லை.

முத்தியால்பேட்டை வாசகர்: அப்படியானால் ஆன்மா இல்லை என்று சொல்லுங்களேன். ஏன் மழுப்புகிறீர்கள்?

மழுப்பவில்லை தோழர். நினைவும் குணமும் மூளை இல்லாமலே ஆன்மாவில் இருக்கின்றன என்றால், அதற்கு எதிராக நிறைய சான்று உண்டு. 1848இல் ரயில்பாதை வேலையில் பினியஸ் கேஜின் மண்டையை இரும்புக் கம்பி துளைத்தது. பிழைத்தார், ஆனால் ஆளே மாறிவிட்டார் என்று அவருடைய மருத்துவர் எழுதினார். ஆனால் சைவ சித்தாந்தம் சொல்வது வேறு. தனு (உடம்பு), கரணங்கள் (மனம், புத்தி போன்ற அறியும் கருவிகள்) இல்லாமல் ஆன்மாவால் எதையும் அறிய முடியாது என்கிறது. கருவி பழுதானால் அறிவும் பழுதாகும் என்பதோடு கேஜின் கதை மோதவில்லை. மோதவில்லை என்பதாலேயே நிரூபணம் ஆகிவிடாது. எந்தச் சோதனையாலும் பொய்யாக்க முடியாத ஒன்றை இயற்பியல் ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அதை நம்புகிறவர் ஆய்வகத்தில் நேர்மையாக வேலை செய்யலாம். எனக்கு நம்பிக்கை இல்லை, அது வேறு விஷயம்.

முத்தியால்பேட்டை வாசகர்: சோதிக்க முடியாததை ஏன் மதிக்க வேண்டும்?

மதிக்கச் சொல்லவில்லை. மறுப்பதானால் தத்துவத்தில் நின்று மறுங்கள். இயற்பியலைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். 21 கிராம்காரர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன்.

வில்லியனூர் வாசகி: அப்பா போனபின் அவர் குரல் கேட்கிறது சார்.

துக்கத்தில் பலருக்கு இப்படி வரும் அம்மா, பயப்படாதீர்கள். தூக்கம் கெட்டால் ஜிப்மரில் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஆவியோடு பேச வைப்பதாகச் சொல்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

மீண்டும் ஆற்றல் பற்றிக் கேட்ட மூவருக்கு:

பண்ருட்டிக்காரருக்குச் சொன்னதே பதில். அதில் எந்த வரி தவறு என்று காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.