எங்கள் கடையின் இணையதளம் திறக்கவே நேரமாகிறது. தரம் குறையாமல் படம், வீடியோக்களின் அளவைக் குறைப்பது எப்படி?

"தரம் குறையாமல்" என்று கேள்வியில் அழுத்திச் சொல்கிறீர்கள். எனவே நீங்கள் கடைக்காரர் அல்ல. கடைக்காரருக்கு இலவசமாக இணையதளம் செய்து கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கும் உறவினர் என்று நினைக்கிறேன். நானும் அதே ரகம்தான்.

மைத்துனருக்கு இளம்பிள்ளையில் சேலைக் கடை. தீபாவளி விற்பனைக்காகத் தளம் கேட்டார். வேர்ட்பிரஸ் போன்ற ஆயத்தத் தள மென்பொருள் எதற்கு என்று கையாலேயே எழுதினேன். (வேர்ட்பிரஸ் 2019 முதல் 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படங்களைத் தானே குறைத்துக்கொள்கிறது. என் வீம்புக்கு அந்த உதவி கிடைக்கவில்லை.) அவர் செல்போனில் எடுத்த படங்கள் 4000-க்கு 3000 பிக்சல், ஒவ்வொன்றும் நான்கைந்து எம்.பி. அப்படியே ஏற்றிவிட்டு, பக்கத்தில் தெரியும் அகலத்தை மட்டும் 300 என்று குறித்தேன். படம் சிறியதாகத்தான் தெரிந்தது. இறங்கியதோ முழு எம்.பி.யும். முகப்பில் மட்டும் நாற்பது சேலைகள்.

அலுவலக வைஃபையில் சடசடவென்று திறந்தது. கொல்லிமலையில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து திறந்தபோது, முதல் சேலை மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. முந்தானை வந்து சேர்வதற்குள் காபி ஆறிவிட்டது.

பதறிப்போய் அன்றிரவே ஜேபெக் (JPEG) என்ற அந்தப் படக் கோப்புகளின் தரத்தை நூற்றுக்கு 30 என்று இறக்கினேன். ஜேபெக் படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, நுண்ணிய விவரங்களைத்தான் முதலில் உதறும். சேலையில் வேலைப்பாடு இல்லாத பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஜரிகை போய்விட்டது. மைத்துனர் ஒரு படத்தைத் தட்டிப் பெரிதாக்கினார். "மாப்பிள்ளை, இது ஜரிகையா, சாம்பலா?"

ஆகவே முதலில் பிக்சலைக் குறையுங்கள். தரத்தில் கை வைப்பதெல்லாம் பிறகு. அகலமும் உயரமும் பாதியானால் பிக்சல்கள் கால் பங்காகிவிடும். பட்டியலுக்கு 600 பிக்சல் அகலத்தில் ஒரு படம், தொட்டால் திறக்க 1600-ல் இன்னொன்று, இரண்டும் வெப்பி (WebP) என்ற சிறிய படக் கோப்பு வடிவில், தரம் 80. பட்டியல் படம் எனக்கு 70 கே.பி. அளவில் நின்றது, ஜரிகையும் பிழைத்தது. திரைக்கு அருகே வரும்போது மட்டும் இறங்கும்படி பக்கத்தின் படக் குறியில் (img) 'லோடிங்' (loading) பண்புக்கு 'லேசி' (lazy) என்று கொடுங்கள். மூலப் படங்களைத் தனியே வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மறுபடி சுருக்காதீர்கள், அது ஏற்கெனவே அடிபட்டு வந்தது.

ஏ.வி.ஐ.எஃப். (AVIF) என்ற பட வடிவம் இன்னும் சிறியதாயிற்றே என்று கிளம்புகிறவர்களுக்கு: தெரியும். கடையிலுள்ள பழைய கணினியில் திறக்கவில்லை, விட்டுவிட்டேன். நான் நிபுணன் என்று எங்கும் சொல்லவில்லை.

வீடியோ கதை வேறு. தறி ஓடுவதை ஐபோனில் 4கே-யில் எடுத்து வந்து, முகப்பில் தானாக ஓட வேண்டும் என்றார் மைத்துனர். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 170 எம்.பி. 15 நொடியாக வெட்டி, 720 பிக்சல் உயரத்துக்கு இறக்கி, ஒலியை நீக்கினேன். நொடிக்கு 1.5 மெகாபிட் வீதம் 22.5 மெகாபிட், எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் மூன்று எம்.பி.க்கும் கீழே. வீடியோ மாற்றும் மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கில் (FFmpeg) 'ஃபாஸ்ட்ஸ்டார்ட்' (faststart) சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் எம்.பி.4 கோப்பின் அட்டவணை கடைசியில் கிடந்து, ஓடத் தொடங்கவே தாமதமாகும். நீளமான வீடியோ என்றால் யூடியூபில் போட்டு இணைப்பு கொடுத்துவிடுங்கள். "சத்தம் இல்லாமல் என்ன தறி?" என்று மைத்துனர் இரண்டு நாள் பேசவில்லை.

கூலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பில் போடும் பையனுக்குக்கூடத் தீபாவளி போனஸ் உண்டு. நான் வீட்டு மனிதனாம். என் மனைவிக்கு ஒரு சேலை வந்தது. படத்தில் பார்த்த நிறம் வேறு என்று திருச்செங்கோட்டிலிருந்து ஒருவர் திருப்பி அனுப்பிய அதே சேலை. பையில் கூரியர் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.