ஒழுகுற லைன் வீடு, ஷாக் அடிக்கிற சுவர்: செலவு யாருடையது?

கேள்வி: திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். வாடகை 6,000, அட்வான்ஸ் 30,000. எழுத்தில் எதுவும் இல்லை. மழை பெய்தால் ஷீட் ஒழுகுகிறது, நனைந்த சுவரில் உள்ள சுவிட்ச் போர்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. ஓனர், "இஷ்டமிருந்தா இருங்க, இல்லீன்னா காலி பண்ணிக்கங்க" என்கிறார். என்ன செய்யலாமுங்க?

பதில்: முதலில் ஷாக். சுவர் காயும்வரை மெயினை அணைத்து வையுங்கள். வயர்மேனைக் கூப்பிட்டு, போர்டு வரைக்கும் எர்த் வயர் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய லைன் வீடுகளில் பல இடங்களில் வராது. 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபி (கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) ஒன்று போடச் சொல்லுங்கள். மழை நாளில் அது அடிக்கடி விழுந்தால் கசிவு இன்னும் சுவருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். 'தொல்லை' என்று அதைக் கழற்றிவிட்டு நேராக இணைக்க யாரையும் விடாதீர்கள்.

செலவுக்கு வருவோம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ம் வருடத்துத் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், பூட்டு, சாக்கடை அடைப்பு உங்கள் பொறுப்பு. "சுவிட்ச் உங்களுது" என்று ஓனர் நழுவப் பார்ப்பார். ஷாக்குக்குக் காரணம் நனைந்த சுவரும் வயரிங்கும் என்று வயர்மேன் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

ஒழுகல் பெரும்பாலும் ஷீட்டின் போல்ட் ஓட்டை வழியாகத்தான். வாஷர் வெயிலில் வெடித்திருக்கும், மாற்றுவது சின்ன வேலை. ஓனருக்கு இதைச் சொன்னால் பாதித் தகராறு குறையும்.

போட்டோவுடன் ஓனருக்கு ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள். நியாயமான அவகாசம் கொடுத்தும் செய்யாவிட்டால் நீங்களே செய்து, பில் காட்டி வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரே மாதத்தில் மொத்தத்தையும் கழிக்காதீர்கள், மீதியை ஜிபேயில் தவறாமல் போடுங்கள். இரண்டு மாத பாக்கி ஏறினால் காலி செய்யச் சொல்ல ஓனருக்கே காரணம் கிடைத்துவிடும். ஓனர் கோபத்தில் மோட்டாரையோ கரண்டையோ நிறுத்தினால், இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். அப்படி நிறுத்துவது சட்டப்படி தவறு.

அட்வான்ஸுக்குச் சட்டம் வைத்த வரம்பு 3 மாத வாடகை, உங்களுக்கு 18,000. கூடுதலுக்கு ஒப்பந்தத்தில் நீங்களே சம்மதித்தால்தான் அது செல்லும். ஆகவே இப்போது ஒப்பந்தம் எழுதி வாடகை அதிகாரியிடம் பதியும்போது, கொடுத்த 30,000-ஐயும், மிச்சம் 12,000 வாடகையில் கழியும் என்பதையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.